மகளைக் காட்ட வந்த தாய்: தடுப்பூசிக்குப் பின் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கிளினிக்கின் பதிவுக் கொப்பியில் அன்று மகளின் பெயர்தான் இருந்தது. தாயின் பெயர் இல்லை. மகளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தால் அந்த வரி அத்தோடு முடிந்திருக்கும். தாயின் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கு ஒரு படி முன்னால் நின்ற மாற்றம் யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும்.

திருகோணமலை மாவட்டத்தில் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே உள்ள ஊர்களுக்கான சுகவனிதையர் கிளினிக் ஒன்றில் வேலை செய்யும் வைத்தியர் நான். தாயும் மகளும் இதை வாசித்துச் சம்மதம் சொன்ன பிறகே வெளியிடுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் பற்றிய விவரங்களில் கைவைக்கவில்லை.

வந்த காரணம்

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதி. காலை ஒன்பதரைக்கே வெயில் ஏறிவிட்டிருந்தது. இருவரும் சம்பூர்ப் பக்கமிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். தாய்க்கு 45 வயது. மகளுக்கு 18, உயர்தரம் படிக்கிறாள், திருமணமாகவில்லை. கதிரையில் இருக்க முன்னமே தாய் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"டொக்டர், இவளுக்கு அந்தக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பார்க்கிற பரிசோதனையைச் செய்து தாங்கோ. எவ்வளவு நேரமெண்டாலும் இருக்கிறம்."

ஏன் இப்போது என்று கேட்டேன். முதலாவது காரணம், தாயின் மூத்த அக்கா. மாதவிடாய் நின்று சில வருடங்களுக்குப் பிறகு அவருக்கு மறுபடி இரத்தம் பட்டது. வெட்கத்தில் ஒரு வருடம் வரை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னபோது நோய் கருப்பையைத் தாண்டியிருந்தது. மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் ஊருக்குமாக அலைந்து, 52 வயதில் இறந்துபோனார். கடைசி மாதங்களில் அவரைப் பார்த்துக்கொண்டது இந்தத் தாய்தான்.

இரண்டாவது, லண்டனில் இருக்கும் மச்சாளின் மகள். அவளுக்கு இருபத்தைந்து நடக்கப் போகிறது. பரிசோதனைக்கு வரச்சொல்லி அங்கத்தைய சுகாதார சேவையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "அங்க கடிதம் போட்டுக் கூப்பிடுறாங்கள். இங்க நாங்களே வந்தாலும் பார்க்க மாட்டீங்களா?" என்று தாய் கேட்டார். அதில் நியாயம் இருந்தது.

மூன்றாவதாகச் சொன்னதுதான் உடனடிப் பயம். மகளுக்குச் சில மாதங்களாக வெள்ளைபடுகிறது. அக்காவுக்கும் அப்படித்தான் தொடங்கியதாகத் தாய்க்கு ஞாபகம்.

மகள் இவ்வளவு நேரமும் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தாயின் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் ஸ்கூல்ல ஊசி போட்டிட்டன் எண்டு அம்மாட்டச் சொன்னனே. ஊசி போட்டா இந்த வருத்தம் வராது. இனி ஒண்டும் பார்க்கத் தேவையில்லை" என்றாள்.

ஒரே வீட்டில் இரண்டு பிழையான முடிவுகள். ஊசி போட்டதையே கணக்கில் எடுக்காமல் இப்போதே பார்க்கவேண்டும் என்கிறார் தாய். ஊசி போட்டதால் வாழ்நாள் முழுக்கப் பார்க்கத் தேவையில்லை என்கிறாள் மகள்.

மகளிடம் தனியாக

இப்படியான நேரத்தில் நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கவேண்டும் என்று தாயை அடுத்த அறைக்கு மிட்வைஃபோடு அனுப்பினேன். அந்தப் பத்து நிமிடம் மகளுக்கு உரியது. தாய் பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் உண்மை பேசாது. பேசும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

"மகள், நான் கேட்கிறதெல்லாம் இந்த அறைக்குள்ளதான் இருக்கும். அம்மாவுக்குப் போகாது. சரியா?" தலையசைத்தாள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, இடையில் இரத்தம் படுகிறதா, வயிற்று வலி உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதில், மாதவிடாய் மட்டும் ஒழுங்கு. யாருடனாவது உடலுறவு இருந்திருக்கிறதா என்றும் கேட்டேன். இல்லை என்றாள். கேள்வி அவளைக் காயப்படுத்தவில்லை. கேட்ட விதம்தான் முக்கியம் என்று இத்தனை வருடத்தில் விளங்கியிருக்கிறது.

வெள்ளைபடுதலை அவளே நன்றாக விவரித்தாள். மாதத்தின் நடுவில் மூன்று நான்கு நாள், முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். மணமில்லை, கடியில்லை, எரிவில்லை. அது கருமுட்டை வெளிவரும் நாட்களில் எந்தப் பெண்ணுக்கும் வருவது. நோய் இல்லை, மருந்தும் வேண்டாம் என்றேன். "அம்மா இதைப் பற்றித்தான் மூண்டு மாசமா அழுதவ" என்று சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது.

அட்டையில் இருந்த இரண்டு திகதிகள்

ஊசி போட்டேன் என்று பிள்ளைகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பாடசாலையில் ஏழாம் ஆண்டில் ஏற்பு ஊசியும் போடுகிறார்கள். பலருக்கு எது எது என்ற குழப்பம் இருக்கிறது. எனவே அட்டையைக் கேட்டேன்.

தாய் கைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் மடித்த பழைய துணி. அதற்குள்தான் மகளின் சுகாதாரப் பதிவேடு. ஓரங்கள் கரைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இந்தப் பிள்ளை 2006இல் பிறந்தவள். போரால் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்த அதே வருடம். வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போய், அங்கே பிறந்து, பிறகு கிளிவெட்டி முகாமில் வளர்ந்தவள். அந்த அலைச்சலில் நகையை விட்டார்கள், காணி உறுதியை விட்டார்கள், இந்தப் புத்தகத்தை விடவில்லை. எங்கள் பெண்கள் பிள்ளைகளின் ஊசி அட்டையை எவ்வளவு பக்குவமாக வைத்திருக்கிறார்கள் என்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தங்களுக்கென்று ஒரு துண்டுக் கடதாசிகூட வைத்திருக்க மாட்டார்கள்.

எச்.பி.வி (கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸ்) ஊசி என்ற இடத்தில் இரண்டு திகதிகள் இருந்தன. முதலாவது 2017, இரண்டாவது ஆறு மாதம் கழித்து 2018. இலங்கை தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் எச்.பி.வி ஊசி சேர்ந்தது 2017இல்தான். ஆறாம் ஆண்டு மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே போடத் தொடங்கினார்கள். இவள் அந்த முதல் அணி. வைரஸ் உடலுக்குள் வரச் சந்தர்ப்பமே இல்லாத வயதில் இரண்டு ஊசியும் ஏறிவிட்டன. இதைவிட நல்ல நேரம் அந்த ஊசிக்குக் கிடையாது.

மகளுக்கு ஏன் செய்யவில்லை

தாய் திரும்பி வந்ததும் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, விளக்கமாகச் சொன்னேன். வாசிப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கிட்டத்தட்ட எப்போதும் எச்.பி.வி வைரஸால் வருவது. அது உடலுறவு வழியாகத் தொற்றுகிறது. பரம்பரையாக வருவதில்லை. எனவே பெரியம்மாவுக்கு வந்ததால் மகளுக்கும் வரும் என்ற பயம் தேவையில்லை. உடலுறவு இல்லாத ஒரு பெண்ணுக்கு இந்தப் பரிசோதனையால் கிடைக்கக்கூடிய நன்மை எதுவுமில்லை. உள்ளே கருவி வைத்துப் பார்ப்பதன் நோவும் பயமும்தான் மிச்சம்.

சரி, உடலுறவு இருந்திருந்தால்? அப்போதும் 18 வயதில் செய்திருக்க மாட்டேன். இளம் பெண்களில் இந்த வைரஸ் தடிமன் மாதிரி வந்து போவது. தொற்றியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் உடம்பு ஒன்றிரண்டு வருடத்தில் அதைத் தானாகவே துடைத்துவிடும். துடைக்காமல் நிலைத்து நிற்கும் சிலரிலும் அது புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். 18 வயதில் தேடினால் தானாக மறையப்போகும் மாற்றங்கள்தான் கையில் அகப்படும். அகப்பட்டதைப் பார்த்துப் பயந்து வெட்டி எடுத்தால், பின்னாளில் கர்ப்பத்தின்போது குழந்தை மாதம் நிறையாமல் பிறக்கும் ஆபத்து கூடும். இல்லாத நோய்க்கு உண்மையான தீங்கு. இங்கிலாந்து பரிசோதனை தொடங்கும் வயதை இருபதிலிருந்து 25க்கு உயர்த்தியது இதனால்தான். லண்டன் மச்சாள் மகளுக்கு அந்தக் கடிதம் 24 வயது கடந்த பிறகு வந்ததும் அதனால்தான், 18இல் வரவில்லை.

தடுப்பூசி போட்ட பிள்ளைகளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அரிசியில் கல் பொறுக்குவதை யோசித்துப் பாருங்கள். கல் நிறைய இருந்தால் கண் தானாகவே பிடிக்கும். கல் அருமையாகிவிட்டால் கறுத்த அரிசியையும் கல் என்று எறிவோம், இருக்கிற ஒரு கல்லையும் தவறவிடுவோம். கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பெப் பரிசோதனைக்கும் இதே கதிதான். ஊசி போட்ட தலைமுறையில் உண்மையான முன்நிலை மாற்றங்கள் குறைந்துவிடும். அதனால் 'ஏதோ இருக்கிறது' என்று வரும் முடிவுகளில் பொய்யானவற்றின் பங்கு கூடிவிடும். அவுஸ்திரேலியா 2007இல் ஊசியைத் தொடங்கிய நாடு. 2017 டிசம்பரில் இரண்டு வருடத்துக்கொரு பெப் பரிசோதனையை விட்டுவிட்டு, 25 வயதிலிருந்து ஐந்து வருடத்துக்கொரு எச்.பி.வி வைரஸ் பரிசோதனைக்கு மாறியது. உலக சுகாதார நிறுவனமும் 2021இல் வைரஸின் டிஎன்ஏயைத் தேடும் பரிசோதனையைத்தான் முதலில் வைத்தது. பொதுவாகப் பெண்களுக்கு 30 வயதிலிருந்து.

ஊசி வேலை செய்கிறது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்ட பெண்களில் இந்தப் புற்றுநோய் 87 வீதம் குறைந்தது என்று 2021இல் ஆய்வு வெளிவந்தது. பெண் பிள்ளை உள்ள எந்த வீட்டுக்கும் அந்த ஒரு எண் போதும்.

மகள் இதைக் கேட்டதும், "அப்ப நான் சொன்னது சரிதானே" என்றாள். பாதி சரி என்றேன். இங்கே போட்டது நான்கு வகை வைரஸ்களுக்கு எதிரான ஊசி. அதில் 16ஆம், 18ஆம் வகைகள்தான் புற்றுநோய்க்காரர்கள். உலகத்தில் இந்தப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 வீதத்துக்கு அவையே காரணம். மிச்சம் 30 வீதத்துக்கு வேறு வகைகள் காரணம். ஊசி அவற்றுக்கு முழுமையாக மறைப்புக் கட்டவில்லை. எனவே உரிய வயது வரும்போது அவளும் வரவேண்டும்.

"எப்ப?"

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் தொடங்கியவை. பெப் பரிசோதனைக்கு அழைக்கும் வயதுகள் 35உம் 45உம். அவள் மனக்கணக்குப் போட்டாள். 2041. அந்த வருடத்தை அட்டையில் எழுதித் தரச் சொன்னாள். இரண்டு ஊசித் திகதிகளுக்கும் கீழே நீல மையால் எழுதிக் கொடுத்தேன். அதற்குள் முறைகள் மாறலாம், பரிசோதனை இன்னும் எளிதாகலாம், வயதும் மாறலாம் என்றும் சொன்னேன். அதோடு, உடலுறவுக்குப் பிறகோ மாதவிடாய்க்கு இடையிலோ இரத்தம் பட்டால் எந்த வயதென்றாலும் அடுத்த நாளே வரவேண்டும். அதற்கு 2041ஐப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றேன். ஒரு குறையும் இல்லாதவரில் தேடிப் பார்ப்பது ஒன்று, குறையோடு வருபவரைச் சோதிப்பது வேறொன்று. குறையை வெட்கத்தில் மறைத்ததால்தான் பெரியம்மா பிந்தினார்.

"உங்கட எப்ப செய்தது?"

தாய் அட்டையை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். 45 வயது என்று கொப்பியில் மகளின் விவரத்துக்குப் பக்கத்தில் மிட்வைஃப் குறித்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"அம்மா, உங்கட பரிசோதனை எப்ப செய்தது?"

"எனக்கா? எனக்கென்ன டொக்டர். எனக்கொரு வருத்தமும் இல்லை."

35இல் அழைத்திருப்பார்களே என்றேன். யோசித்துவிட்டு, ஆம் என்றார். 2015. கிளிவெட்டியில் மிட்வைஃப் வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறார். அதே வருடம்தான் சம்பூர்க் காணி விடுபட்டது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு சொந்த மண். "காடு மண்டிக் கிடந்தது டொக்டர். கிணறு எது, வீடு எது எண்டு தெரியேல்லை. வெட்டித் துப்பரவாக்குற நேரத்தில கிளினிக்குக்கு எங்க போறது." பிறகு யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அவரும் நினைக்கவில்லை. பத்து வருடம் போய்விட்டது.

நான் அவரைக் குறைசொல்லவில்லை. அந்த வருடம் நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் காடு வெட்டக் கத்தியைத்தான் எடுத்திருப்பேன்.

"அக்காவுக்கு வந்த வருத்தத்துக்கு மகளைக் கொண்டுவந்தனீங்கள். மகளுக்கு ஊசி இருக்கு. உங்களுக்கு ஊசி இல்லை, பரிசோதனையும் இல்லை. இந்த வீட்டில யாருக்கு ஆபத்துக் கூட எண்டு நீங்களே சொல்லுங்கோ." அவர் பேசவில்லை. மகள்தான் எழுந்து, "அம்மா, நான் வெளியில இருக்கிறன். நீங்க செய்யுங்க" என்று தாயின் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

முதல் கண்ணாடித் தட்டு

பரிசோதனை ஐந்து நிமிடம்கூட இல்லை. கருப்பைக் கழுத்தை மரக்கரண்டி போன்ற சிறு தட்டையால் ஒரு சுற்றுச் சுழற்றி எடுத்து, கண்ணாடித் தட்டில் தடவி, காயமுன் அற்ககோலில் இறக்கவேண்டும். அன்று கழுத்து சிவந்து, தொட்டதும் இரத்தம் கசிந்தது. அழற்சி என்று நினைத்தேன். தொற்றுக்கு மருந்து கொடுத்துச் சில வாரம் கழித்து எடுத்திருக்கலாம். ஆனால் சம்பூரிலிருந்து இன்னொரு தடவை வருவாரோ என்ற எண்ணத்தில் அன்றே எடுத்துவிட்டேன்.

அது என் பிழை. ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்தபோது, இரத்தமும் அழற்சிக் கலங்களும் மூடிவிட்டதால் பார்க்க முடியவில்லை, மறுபடி அனுப்பவும் என்றிருந்தது. பார்க்க முடியவில்லை என்பது நோய் இல்லை என்பதல்ல. ஆனால் தாய் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தொலைபேசியில் "ஒண்டும் தெரியேல்லையெண்டால் நல்லதுதானே டொக்டர்" என்றார். மறுபடி வரச் சொன்ன நாளில் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை.

அவரைக் கொண்டுவந்தது எங்கள் பகுதி மிட்வைஃப். மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போய், முற்றத்தில் பலகையில் இருந்து, ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் வரை வேறு கதை பேசிவிட்டு, அப்புறம்தான் விஷயத்தை எடுத்திருக்கிறார். மகளும் பக்கத்தில் நின்று சேர்ந்து சொல்லியிருக்கிறாள். இந்த நாட்டின் சுகாதாரம் எந்தக் கட்டடத்திலும் இல்லை, அந்த மோட்டார் சைக்கிளில்தான் இருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அழற்சிக்கு மருந்து கொடுத்து, சரியான இடைவெளி விட்டு, இரண்டாவது தட்டை எடுத்தோம். இந்தமுறை தெளிவாக வந்தது. கலங்களில் உயர்நிலை மாற்றம்.

அடுத்த கட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருகோணமலை நகரத்தில் பெண்நோயியல் நிபுணரிடம் அனுப்பினோம். ஒரு காலத்தில் மூதூரிலிருந்து நகரத்துக்கென்றால் படகுத்துறையையும் பாதைப் படகையும் நம்பவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும், பிறகு வழியிலுள்ள மற்றப் பாலங்களும் திறந்த பின் பஸ்ஸிலேயே போய்வரலாம். அங்கே கொல்போஸ்கோப்பி செய்தார்கள். வினாகிரியில் உள்ள அதே அசெட்டிக் அமிலத்தைக் கருப்பைக் கழுத்தில் பூசி, உருப்பெருக்கியால் பார்ப்பது. மாறிய கலங்கள் வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்தில் எடுத்த சிறு துண்டின் முடிவு சிஐஎன் 3.

அது புற்றுநோய் அல்ல. புற்றுநோய்க்கு முன்னுள்ள கடைசிப் படி. நியூசிலாந்தில் ஒரு காலத்தில் இந்த மாற்றத்தை முறையாகச் சிகிச்சை செய்யாமல் விட்ட பெண்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, 30 வருடத்துக்குள் ஏறக்குறைய 30 வீதமானோருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. தாய்க்கு மின்சாரக் கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் அகற்றினார்கள். விறைப்பு ஊசியோடு செய்யும் சிறு சிகிச்சை; அன்றே வீட்டுக்கு வந்தார். வெட்டிய துண்டின் ஓரங்கள் சுத்தமாக இருந்தன. கருப்பை அப்படியே இருக்கிறது. கதிர்ச் சிகிச்சை இல்லை, மகரகம இல்லை.

முடிவைச் சொன்ன அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்ப ஊசி போட்டால் இது போயிருக்குமா?" என்பது. போயிருக்காது. இந்த ஊசி வருமுன் காப்பது. வந்துவிட்ட வைரஸையோ மாறிவிட்ட கலத்தையோ அது ஒன்றும் செய்யாது. மகளுக்கு ஊசி, தாய்க்குப் பரிசோதனை. ஒன்றுக்காக மற்றொன்றை மாற்றிக்கொள்ள முடியாது.

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது

இந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். மூத்த மகள், 24 வயது, மணமாகி இரண்டு வருடம். 2017இல் அவள் ஆறாம் ஆண்டைத் தாண்டிப் போயிருந்தாள். பாடசாலையில் அவளுக்கு ஊசி கிடைக்கவில்லை. அழைப்பு வரும் 35க்கு இன்னும் பதினொரு வருடம். தங்கச்சிக்கு ஊசி உண்டு, அம்மாவுக்குப் பரிசோதனை உண்டு, நடுவில் இந்த அக்காமாருக்கு இரண்டும் இல்லை. 2006க்கு முன் பிறந்த ஒரு முழுத் தலைமுறையே இப்படி நிற்கிறது. என் மனதைக் கூடுதலாக அரிப்பது இவர்கள்தான். முப்பதைத் தாண்டியவர்கள் கிளினிக்குக்கு வந்து கேட்டால் 'உங்களுக்கு இன்னும் வயது வரவில்லை' என்று ஒற்றை வார்த்தையில் நாம் திருப்பிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 30 என்று சொல்லும்போது நாம் இருந்து பேச வேண்டும், குறைகளைக் கேட்க வேண்டும். எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு 25இலிருந்தே தேவை, இடைவெளியும் குறைவு.

வைரஸ் பரிசோதனைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மாதிரியைப் பெண்ணே தன் கையால், மறைவில் எடுத்துக் கொடுக்கலாம். மூதூரிலும் கிண்ணியாவிலும் எங்களிடம் வரும் முஸ்லிம் சகோதரிகள் முதலில் கேட்பது "பார்க்கிறது பெண் டொக்டரா?" என்பதுதான். தமிழ்ப் பெண்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வெட்கத்தைத் திட்டிப் பயனில்லை. அதற்கேற்ற வழியைக் கொண்டுவருவதே நம் வேலை.

ஆனால் புதிய கருவி எதுவும் வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஊசி போடுமுன் பெற்றோரின் சம்மதப் படிவம் வீட்டுக்குப் போகிறது. பதினொரு வயதுப் பிள்ளையின் தாய்க்கு என்ன வயது இருக்கும்? பெரும்பாலும் முப்பதுகளின் நடுவிலிருந்து நாற்பதுகளின் நடு வரை. நாம் வீடுவீடாகத் தேடுகிற அதே பெண்கள். அந்தப் படிவத்தில் அவர்கள் தங்கள் கையால் கையெழுத்துப் போட்டு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்ற சொல்லை வாசித்து, மகளின் பையில் வைத்து அனுப்புகிறார்கள். அதே கடதாசியின் அடியில் 'அம்மா, உங்கள் பரிசோதனை எப்போது?' என்று ஒரு வரியும், கிளினிக் நாளும் இருந்தால்? மகளுக்காக எதையும் செய்யும் தாய்மார் இவர்கள். மகளின் ஊசி நாளோடு தங்கள் நாளையும் சேர்த்துவிட்டால் மறக்க மாட்டார்கள்.

எங்கள் பிரிவில் மிட்வைஃப்மாரோடு பேசி, படிவத்தோடு ஒரு சின்னத் துண்டை இணைத்து அனுப்பத் தொடங்கியிருக்கிறோம். துண்டைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். பிள்ளைகள் அதை வீட்டுப்பாடம் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். "எங்கட அம்மா இன்னும் போகேல்லை மிஸ்" என்று சொல்லும் முகங்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவிலும் ஒரு மாற்றம் செய்தோம். மகளின் பெயர் எழுதும் வரிக்குக் கீழே, கூட வந்தவர் யார், வயது என்ன, கடைசிப் பரிசோதனை எப்போது என்று இப்போது எழுதுகிறோம்.

தற்போதைய நிலை

தாய்க்கு ஆறாம் மாதப் பின்பரிசோதனை முடிந்தது. மாற்றம் எதுவும் தெரியவில்லை. சிஐஎன் 3க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆபத்துப் பல வருடங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். எனவே அவரை விடப்போவதில்லை. அடுத்த திகதி கொடுத்திருக்கிறோம். இப்போது அவருக்கும் சொந்தமாக ஓர் அட்டை இருக்கிறது. போன தடவை அதை மகளின் பதிவேட்டோடு சேர்த்து, அதே துணிக்குள்ளிருந்து எடுத்தார்.

மூத்த மகள் ஒரு தடவை வந்துபோனாள். குறை எதுவும் இல்லை. ஊசி தனியாரில் போடலாமா என்று கேட்டிருக்கிறாள். மணமாகிவிட்டதால் பலன் பதினொரு வயதில் போட்ட அளவுக்கு இராது, ஆனால் இன்னும் தொற்றாத வகைகளுக்குப் பலன் இருக்கும் என்று சொன்னேன். விலையைக் கேட்டு வீட்டில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.